மாமாவின் கெண்டைக் குஞ்சுகள்



ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் வைப்பது, கறிவேப்பிலை வாடாமல் வைப்பது என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ குறிப்புகள் படித்திருப்பீர்கள். தூண்டிலில் கோர்க்கிற மீன் குஞ்சை வீட்டில் உயிரோடு வைப்பது பற்றி எழுத ஒருத்தி வந்துவிட்டாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டை ஒதுக்கி வைத்திருந்த எங்கள் வீட்டுப் பெரியவரை மறுபடி தட்டின் முன் உட்கார வைத்தது அந்தக் குஞ்சுகள்தான்.

எங்கள் ஊர் மம்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து கண்மாய்கள் பெருகிவிட்டால், அடுத்த சில மாதங்களுக்கு ஊரில் பாதி ஆண்கள் கையில் தூண்டில்தான். என் மாமனார் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. அத்தை இறந்த பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. கண்மாய்க்குப் போய் வந்த நாளில் மட்டும் முகம் தெளிவாக இருக்கும். "தாயி, இன்னைக்கு ஒரு விரால், முழங்கை நீளம்!" என்று பையை நீட்டும்போது சின்னப் பையன் மாதிரி சிரிப்பார்.

விரால் மீன் பிடிக்க மண்புழு மட்டும் போதாதாம். உயிரோடு துள்ளுகிற இரையைத்தான் அது துரத்தி வந்து கவ்வும். அதனால் மாமா கெண்டைக் குஞ்சைத்தான் முள்ளில் கோர்ப்பார். விடியற்காலை நாலரை மணிக்கே டார்ச் லைட்டோடு வாய்க்காலுக்குப் போய், கிழிந்த கொசுவலைத் துணியால் இருபது, முப்பது குஞ்சுகளை அரித்து, ஒரு பிளாஸ்டிக் குடத்தில் போட்டுக்கொண்டு வருவார். அன்றைக்குச் செலவானது போக மிச்சம் குடத்திலேயே கிடக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் அத்தனையும் வயிறு வெளுத்து மிதக்கும். நாற்றம் அடுப்படி வரை வரும்.

"ஏன் மாமா, தினமும் இப்படிக் கொன்னு கொட்டத்தானா பிடிச்சுட்டு வாரீங்க?" என்று நானும் முணுமுணுப்பேன். அவர் பதில் பேசாமல் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் மறுபடியும் இருட்டோடு கிளம்பிவிடுவார்.

போன வருஷம் மார்கழியில், அப்படிப் போனவர் திரும்பி வரவில்லை.

ஆறு மணிக்கு பால்காரர் ஓடி வந்து சொன்னார். வாய்க்கால் படியில் பாசி வழுக்கி விழுந்து, எழ முடியாமல், பாதி உடம்பு தண்ணீரில் கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் கணவர் அன்றைக்கே தூண்டில்கள், நரம்பு, தக்கை எல்லாவற்றையும் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டார். "இனிமே கண்மாய்ப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பெற்ற தகப்பனை அந்தக் கோலத்தில் பார்த்தவர்.

கட்டு பிரித்தும் மாமா தேறவில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அதே இடம். இரண்டு இட்லி வைத்தால் ஒன்று தட்டிலேயே இருக்கும். "பசிக்கலை தாயி" என்பார். ஒரு நாள் சாயந்திரம் பார்த்தால், பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

அன்று ராத்திரி என் கணவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"என்னங்க, மாமா விழுந்தது தூண்டில் போடுறப்ப இல்ல. இருட்டுல குஞ்சு அரிக்கப் போனப்பத்தான். குஞ்சு வீட்டுலயே உசுரோட இருந்தா, விடிஞ்ச பிறகு யாராச்சும் கூட மெதுவாப் போகலாம்ல?"

"ஒரு ராத்திரி தாங்காத குஞ்சை நீ வாரம் பூரா வச்சிருக்கப் போறியாக்கும்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு வாரம் வச்சுக் காட்டு. தூண்டிலை நானே இறக்கித் தாரேன்" என்றார்.

அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் அவரே போய்க் குஞ்சு பிடித்து வந்து கொடுத்தார். வேலை ஆரம்பமானது.

இரண்டு தோல்வி

முதலில் நான் எடுத்தது, கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா. புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, தண்ணீர் நிரப்பி, குஞ்சுகளை விட்டேன். இரண்டாம் நாள் ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்புறம் என் அம்மா வீட்டு வழக்கம் நினைவுக்கு வந்தது. அம்மா மதுரைக்காரி. அங்கே அயிரை மீனை உயிரோடுதான் வாங்குவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மண்பானைத் தண்ணீரில் விட்டு வைத்து, குழம்பு வைக்கும் முன் தேங்காய்ப் பாலிலோ மோரிலோ கொஞ்ச நேரம் போட்டால், வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். அயிரை அந்தப் பானையில் சௌகரியமாக இருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதே மாதிரி ஒரு மண்பானையில், அப்போதுதான் வந்த குழாய்த் தண்ணீரைப் பிடித்து, முப்பது குஞ்சுகளை விட்டேன். விடிந்து பார்த்தால் இருபத்தாறு மிதக்கிறது!

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "விடு தாயி, உனக்கு எதுக்கு இந்தப் பாடு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. அன்றைக்கே பஸ் ஏறி ராஜபாளையம் போய், அலங்கார மீன் விற்கிற ஒரு கடையில் நின்றேன். கடைக்காரத் தம்பி சிரிக்காமல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக விளக்கினார்.

குஞ்சு சாகும் காரணங்கள்

பித்தளையில் செம்பு இருக்கிறது. அது தண்ணீரில் துளி கரைந்தாலும் மீனுக்கு விஷம். புளி போட்டு விளக்கியதில் இன்னும் சுலபமாகக் கரைந்திருக்கும். துத்தநாகப் பூச்சு உள்ள தகர வாளியும் ஆகாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பாத்திரமும் கூடாது.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அந்தக் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். அகலமான பாத்திரத்தில் பிடித்து, வெயில் படுகிற இடத்தில் ஒரு பகலும் ஒரு இரவும் திறந்து வைத்திருந்தால் பெரும்பாலும் போய்விடும்.

அயிரை பிழைக்கும், கெண்டை ஏன் பிழைக்காது என்று கேட்டேன். அயிரை மேலே வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாகவே அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளுமாம். விராலும் கெளுத்தியும்கூடக் காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும் இனங்கள். அதனால்தான் சந்தையில் கொஞ்சம் தண்ணீரிலேயே துள்ளிக்கொண்டு கிடக்கின்றன. கெண்டைக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு தீர்ந்தால் அதன் கதையும் தீர்ந்தது.

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். வெளியிலிருந்து காற்று கரைவது தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான். குறுகிய வாய் உள்ள குடத்தில் முப்பது உயிர் மூச்சு விட்டால் எப்படிப் பிழைக்கும்? பாசி பிடித்த தொட்டியானால் ராத்திரியில் பாசியும் பங்குக்கு இழுக்கும். அதனால்தான் விடியற்காலையில் சாவு அதிகம்.

நான் குடம் குடமாகக் கொட்டிய பிணங்களுக்கு இத்தனை காரணமா என்று இருந்தது. பல வருஷமாக மாமாவைக் குறை சொன்னேனே தவிர, ஏன் சாகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாவது முறை

கொல்லையில் அத்தை காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. வேப்ப மர நிழல். அதைத் தேங்காய் நாரால் மட்டும் தேய்த்துக் கழுவினேன். நாலு குடம், அதாவது சுமார் அறுபது லிட்டர் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் திறந்து விட்டேன். மறுநாள் இருபது குஞ்சுகளை விட்டேன். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்குள் குமிழி விடுகிற சின்ன மோட்டார் ஒன்றைக் கடைக்காரத் தம்பியிடமே வாங்கி வந்து போட்டேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் எண்ணுவேன். முதல் நாள் இருபது. இரண்டாம் நாள் பத்தொன்பது. மூன்றாம் நாளும் பத்தொன்பது. நான்காம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. இரண்டு மணி வாக்கில் டார்ச்சோடு போய்ப் பார்த்தால், குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. எனக்குக் கை கால் ஓடவில்லை.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், மாமா நிற்கிறார். கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"பயப்படாத தாயி. காபி ஆத்துற மாதிரி ஆத்து."

ஒரு சொம்பில் தண்ணீரை மோந்து, ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினேன். மறுபடி மோந்து, மறுபடி ஊற்று. தண்ணீர் விழுந்து நுரைக்க நுரைக்கக் காற்று கலக்குமாம். என் கை ஓய்ந்தபோது மாமா தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொம்பை வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் மாறி மாறி ஆற்றினோம். கரண்ட் வந்தது. குஞ்சுகள் மெல்லக் கீழே இறங்கின. "பசிக்கு ஏதாச்சும் இருக்கா தாயி?" என்று கேட்டார். அந்த நேரத்தில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான் இருந்தது. முழுசாகச் சாப்பிட்டார்.

ஏழாம் நாள் காலை தொட்டியில் பதினெட்டு இருந்தது. என் கணவர் தானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏணியை எடுத்துப் போட்டுப் பரண் மேல் ஏறினார்.

என் அனுபவத்தில் கண்ட குறிப்புகள்

1. இரண்டு அங்குலக் குஞ்சு ஒன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். உயரமான பாத்திரத்தைவிட அகலமான பாத்திரம் நல்லது. நிழலில் வையுங்கள். தொட்டி புதுச் சிமெண்டாக இருந்தால், சுண்ணாம்புக் காரம் போக இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே மீன் விட வேண்டும்.

2. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாகவே விடுகிறது. அது சேர்ந்தால் விஷம். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால், அந்த அதிர்ச்சியிலும் செத்துவிடும். எடுத்த தண்ணீர் செடிக்கு நல்ல உரம். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை இப்போது தளதளவென்று நிற்கிறது.

3. தீனி கொஞ்சமாகத்தான். அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்குத் தூளும் கலந்து ஒரு சிட்டிகை. ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். பாவமே என்று சோற்றை அள்ளிப் போட்டால் தண்ணீர் கெட்டு எல்லாம் சாகும். மறுநாள் எடுத்துப் போவதாக இருந்தால் முந்தின நாள் தீனியே வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் அழுக்காகாது. மீன் பண்ணைகளில் குஞ்சுகளை வெளியூர் அனுப்பும் முன்னும் இப்படித்தான் பட்டினி போடுகிறார்கள்.

4. உலர்ந்த கையால் தொடாதீர்கள். உடம்பில் உள்ள வழவழப்புப் போனால் நோய் தொற்றும். கையை நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மெல்லிய வலையால் எடுங்கள்.

5. குஞ்சு துவண்டு தெரிந்தால் தனிப் பாத்திரத்தில் பத்து லிட்டர் தண்ணீருக்கு முப்பது கிராம் கல் உப்பைக் கரைத்து அதில் விடலாம். அந்த உப்புத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

6. செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் மற்றதும் போகும்.

7. தொட்டியை எப்போதும் வலை போட்டு இறுக்கி மூடுங்கள். குஞ்சு துள்ளி வெளியே விழும், பூனை வரும். எல்லாவற்றையும் விட முக்கியம், தவழ்கிற, நடை பழகுகிற குழந்தை உள்ள வீட்டில் திறந்த தண்ணீர் அரை நிமிஷம்கூட இருக்கக் கூடாது.

இன்னும் சில விஷயங்கள்

டெங்கு கொசுவுக்காக வீடு வீடாகப் பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர் தொட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். உள்ளே மீனைப் பார்த்த பிறகுதான் சமாதானமானார். குஞ்சுகள் கொசுப் புழுவைத் தின்றுவிடும். ஆனால் தொட்டி காலியான பின் தண்ணீரோடு விட்டால் ஆபத்து. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது. டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தாலும் சாகாது. நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மிச்சமான குஞ்சைக் கிணற்றிலோ வேறு கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். பிடித்த வாய்க்காலிலேயே விட வேண்டும். ஜிலேபி மீனைப் பாருங்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று எந்தக் கண்மாயில் வலை வீசினாலும் அதுதான் முன்னால் வருகிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இப்படித்தான், ஒரு தரம் நீர்நிலையில் இறங்கிவிட்டால் நம் ஊர் மீன்களைத் தின்று தீர்த்துவிடும். கைப்பிடிக் குஞ்சில் எது எந்த இனம் என்று நமக்கு அடையாளம் தெரியாது.

செண்பகத்தோப்புப் பக்கத்து ஓடைகளில் குஞ்சு பிடிக்கவே கூடாது. அது சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். கண்மாயிலும் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் மாமா தூண்டில் போடுவார்.

எட்டாவது படிக்கும் என் மகள் ஒரு நாள் தாத்தாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "இவ்வளவு பாடுபட்டு உசுரோட வச்சு, கடைசியில முள்ளுல குத்துறீங்களே, பாவம் இல்லையா தாத்தா? நார்வேயில உசுரோட இருக்கிற மீனை இரையாக் கோர்க்கவே கூடாதுன்னு சட்டம் இருக்காம்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாவந்தான் பாப்பா. திங்குறதுக்குப் பிடிக்கிறோம். அதுக்காக முப்பதைப் பிடிச்சு இருபதைச் சும்மா சாக விட்டேன் பாரு, அது பெரிய பாவம்" என்றார். அதிலிருந்து வாரத்துக்குப் பத்துக் குஞ்சுக்கு மேல் தொட்டியில் கிடையாது. சில நாள் மண்புழுவோடு மட்டும் போய், கெண்டை, கெளுத்தி கிடைத்தது போதும் என்று வந்துவிடுவார். மகளுக்கு முழுச் சமாதானம் இல்லை. எனக்கும் அவள் கேள்விக்குச் சரியான பதில் தெரியவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, நன்றாக விடிந்த பிறகு, பக்கத்து வீட்டு அண்ணன் துணையோடு மாமா கண்மாய்க்குப் போகிறார். மூடி போட்ட வாளியில் தொட்டித் தண்ணீரையே பாதி ஊற்றி, நனைத்த சாக்கைச் சுற்றி, சைக்கிளில் கட்டிக் கொடுப்பேன். குஞ்சு பிடித்து வருவது என் கணவர் வேலை. பகலில்தான், அதுவும் பாசி இல்லாத படியில்தான்.

தினமும் காலை எழுந்ததும் மாமா முதலில் போவது தொட்டிப் பக்கம். வலையைத் தூக்கி எண்ணிவிட்டு, அடுப்படி ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். "தாயி, ஒம்பதும் உசுரோட இருக்கு!"

"சரி மாமா, இட்லி ஆறுது, வாங்க" என்பேன். இரண்டு வைத்தால் இப்போது மூன்றாவதும் கேட்கிறார்.

- ஒரு வாசகி, மம்சாபுரம்.